சீராக வந்த டீசல் டேங்க்

விபத்துக்குப் பிறகு லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் என்றார்கள். பெரிதாக வர இருந்தது சின்னதாகப் போய்விட்டது என்றார்கள். பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அம்மா இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "புது வாகனத்துக்கு முன்னால நிண்டு எடுத்த படத்தை எல்லாருக்கும் அனுப்பினனீங்கள் எல்லோ. ஓம் பிள்ளை, கண்ணூறுதான் பட்டிட்டுது" என்றார். நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஊற்றும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது. பாவம், இன்னும் பயம் தெளியவில்லை என்று அவர் என் முதுகைத் தடவினார்.

பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் தேநீரைச் சிந்த வைத்தது கோபம். கண்ணூறாம். என் மகள் ஓட்டிய வண்டியின் பின்முனையில் தாங்க முடியாத பாரமாக ஒரு டீசல் டேங்கை ஏற்றிக் கட்டினார்கள். ஏற்றியது என் தம்பி. பக்கத்தில் நின்று பார்த்தது என் கணவர். இரண்டு பேருமே இன்ஜினியரிங் படித்தவர்கள். இதில் கண் எங்கே வந்தது?

அன்று மாலையே தம்பி போன் செய்தான். "அக்கா, டேங்கைத் தட்டி நிமித்திட்டேன். ஒரு ஓட்டை இருந்துச்சு, வெல்டிங் வச்சாச்சு. வண்டி பட்டறையிலேர்ந்து வந்ததும் சொல்லு, ஒரு சனிக்கிழமை வந்து திரும்ப மாட்டிக் குடுத்துடறேன்."

நான் போனை வைத்தேன். அந்த டேங்க் திரும்ப அந்த வண்டியில் ஏறக்கூடாது. அதன் பிறகு வந்த நாட்களில் எனக்கு இருந்தது அந்த ஒரே எண்ணம்தான். சாப்பிடும்போதும் அதுதான், வேலையிலும் அதுதான்.

எங்கள் மகள் நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லியே வளர்ந்தவள். அவள் சொன்னவற்றை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், வேறு வழியில்லை. விலங்கு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, குதிரைகளை ஏற்றிப் போகும் தொழிலைத் தொடங்கினாள். புக்கெகோஹி என்ற ஊரைச் சுற்றி ஏராளமானோர் குதிரை வளர்க்கிறார்கள். ஒருவர் விற்பார், தெற்கே எங்கேயோ இருக்கும் இன்னொருவர் வாங்குவார். போட்டிக்குப் போக வேண்டும், சினைக்குப் போக வேண்டும். குதிரை பஸ்ஸில் போகுமா? இவள் ஏற்றிக்கொண்டு போவாள். நம் ஊரில் பிக்கப் என்று சொல்லும் வண்டியை இங்கே யூட் என்பார்கள். அதன் பின்னால் ஃப்ளோட் எனப்படும், குதிரை நிற்கும் மூடிய வண்டியை மாட்டி இழுத்துப்போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாருடைய பிள்ளையும் செய்யாத வேலை. "டாக்டர் ஆகலைன்னாலும் பரவாயில்லை, குதிரை வண்டியா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவருக்கு அன்று நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கூடுதல் டேங்க் வேண்டும் என்பதில் தவறு ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். உயரமான ஃப்ளோட்டைக் காற்றுக்கு எதிரே இழுக்கும்போது வண்டி டீசலைக் குடித்துத் தீர்க்கும். சும்மா போனால் ஒரு டேங்க் டீசலில் எட்டும் இடத்துக்கு, இழுத்துப் போகும்போது இடையில் நிறுத்தி நிரப்பியாக வேண்டும். அப்படி நிறுத்துவதுதான் பிரச்சினை. வண்டி ஓடும்வரை குதிரை காலை ஊன்றி அமைதியாக நிற்கும். நின்றால் போதும், எங்கே இறக்கிவிடப் போகிறார்கள் என்று பரபரத்து உதைக்கத் தொடங்கும். பம்ப்புக்குள் அவ்வளவு நீள வண்டியை வளைத்து நுழைப்பது ஒரு பாடு, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பு இன்னொரு பாடு. அதனால் அவளே விசாரித்து வைத்திருந்தாள். வண்டிக்கு அடியில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, பழைய டேங்க் இருந்த இடத்திலேயே பெரிய டேங்க் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முறையாகப் பொருத்தி, சோதித்து, எழுதியும் தருவார்கள். குளிர்காலம் முடிந்ததும் போட்டுக்கொள்வதாக இருந்தாள்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னாள். தம்பியும் அன்று இருந்தான்.

"எதுக்கும்மா வெளியில போய்க்கிட்டு? மாமா எதுக்கு இருக்கேன்?" என்றான்.

என் தம்பிக்கு ஒரு பழைய குறை இருந்தது. அவனுக்கு ஒரே அக்கா, அக்காவுக்கு ஒரே பெண். இவள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் செய்ய வேண்டும் என்று பட்டுப்புடவை வரைக்கும் ஊரிலிருந்து வரவழைத்திருந்தான். இவளோ, தன் உடம்பில் நடப்பதற்கு ஹால் வாடகைக்கு எடுத்து ஊரைக் கூப்பிடுவீர்களா என்று அறையைப் பூட்டிக்கொண்டாள். நாங்களும் விட்டுவிட்டோம். அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் சொல்லிக் காட்டுவான். "தாய்மாமன்னு பேரு. ஒரு தட்டு தூக்க விடலை என்னை." யூட் வாங்கியது அவனுக்கு வழியாகிவிட்டது. பெண் சொந்தத் தொழில் தொடங்கியிருக்கிறாள், தாய்மாமன் சீர் செய்வான். சீர் என்றால் புடவையும் நகையும்தானா, டேங்க் ஆகாதா?

புக்கெகோஹியில் ஒரு பண்ணை வண்டியிலிருந்து கழற்றிய பழைய இரும்பு டேங்க் ஒன்றைத் தேடிப் பிடித்தான். இருநூறு லிட்டர் கொள்ளும். துருவைச் சுரண்டி, நீல வண்ணம் அடித்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, வாழைப்பழத் தட்டு, வெற்றிலை, தேங்காய் சகிதம் வந்து இறங்கினான். அத்தனை சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

யூட்டின் பின்தட்டில் ஓட்டுநர் அறையை ஒட்டி ஏற்கெனவே ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. சேணமும் கயிறுகளும் மருந்துகளும் அதில்தான் இருக்கும். அதனால் டேங்க் அதற்குப் பின்னால், பின்பக்கம் திறக்கும் வால்கதவை ஒட்டிப் போனது. பட்டையான நாடாக்களைப் போட்டு இழுத்துக் கட்டினான். ஒரு குழாய், ஒரு சின்ன மோட்டார், ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் டீசல் வண்டியின் சொந்த டேங்குக்கு இறங்கும்.

மகள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "மாமா, பாதி நிரப்பினால் போதும். எனக்கு அவ்வளவு தேவைப்படாது."

"சீர்ப் பாத்திரத்தைக் குறையா குடுப்பாங்களாம்மா? நிறைஞ்சிருக்கணும். அப்பதான் தொழிலும் நிறையும்." கேன்களில் கொண்டுவந்திருந்த டீசலை டேங்கின் வாய் வரைக்கும் ஊற்றி நிரப்பினான். அவள் என்னைப் பார்த்தாள், அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். மாமா மனசு கஷ்டப்படும், பேசாமல் இரு என்று அர்த்தம். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

நான் பேசாமல் இல்லை. நான் கத்தினேன். ஆனால் தீயைப் பற்றிக் கத்தினேன். நான் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். எதைப் பார்த்தாலும் அது எப்படிக் கெடும், எப்படிக் கொட்டும், எப்படிக் கொல்லும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். இத்தனை டீசலை முதுகில் கட்டிக்கொண்டு என் பெண் போவதா என்றேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தம்பி கற்பூரம் ஏற்றப் போனபோது, அதைத் தட்டோடு பிடுங்கித் தெருவோரத்தில் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, இது பெட்ரோல் இல்லை. டீசல்ல தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டாலும் அணைஞ்சு போகும்" என்றான் தம்பி.

"அவளுக்கு லிஃப்ட்ல ஏறுறதுக்கே பயம்டா" என்றார் என் கணவர்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் டீசலை ஊற்றி, தீக்குச்சியைப் போட்டு அணைத்தும் காட்டினான். கைதட்டல். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. டேங்க் ஆபத்தா இல்லையா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எல்லோரும் காபி குடிக்க உள்ளே போனோம். நான் கேட்ட கேள்வி தவறு. சரியான கேள்வியைக் கேட்க வேண்டியவன் என் தம்பி. பாபடோயிட்டோயில் வீடு, விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. எந்தப் பெட்டியை விமானத்தின் முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது, வால்பக்கம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தக் கணக்கை அவன் தூக்கத்தில்கூடச் செய்வான். மருமகளின் வண்டிக்குச் செய்யவில்லை.

முதல் நீண்ட பயணத்துக்கு நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தீயணைப்பான் ஒன்று வாங்கி, காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பின்னால் ஃப்ளோட்டில் ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை. டவுபோவைத் தாண்டி ஒரு பண்ணைக்குப் போக வேண்டும்.

புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அவள் இரண்டு முறை ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்த்தாள்.

"என்னடி?"

"ஒன்றுமில்லை. லேசாக இருக்கிறது."

லேசாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். ஃப்ளோட்டின் மாட்டும் கழுத்து யூட்டின் பின்முனையை ஏற்கெனவே கீழே அழுத்துகிறது. அதே முனையில், பின்சக்கரங்களுக்கும் பின்னால், மூன்று பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி அந்த டேங்க். சீசா விளையாட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் எழும்பும். முன்சக்கரங்கள் சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தன, பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

டோகோரோவா தாண்டியதும் சாலை பைன் மரக்காடுகளுக்கு நடுவே போகும். ஓர் இறக்கம், மெல்லிய வளைவு. எதிரே மரக்கட்டைகள் ஏற்றிய நீள லாரி ஒன்று வந்து கடந்தது. அது தள்ளிய காற்று ஃப்ளோட்டின் பக்கவாட்டில் அறைந்தது. முதலில் நாய் வாலை ஆட்டுவது போல ஒரு சின்ன ஆட்டம். அப்புறம் பெரிதாயிற்று. கண்ணாடியில் ஃப்ளோட் இடது பக்கம் தெரிந்தது, மறைந்தது, வலது பக்கம் தெரிந்தது. மகள் பிரேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டு, நேராகப் பிடித்துக் காத்திருந்தாள். அதுதான் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியானதைத்தான் செய்தாள் என் பெண். ஆனால் அவள் திருப்பிய பக்கம் வண்டி திரும்பவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனோம். அங்கே அந்தக் கணத்தில் யாரும் வரவில்லை. அதைத்தான் எல்லோரும் கடவுள் கிருபை என்கிறார்கள். திரும்ப இந்தப் பக்கம் வந்து, சரளையில் இழுபட்டு, பள்ளத்தில் இறங்கி, கம்பிவேலியில் போய் நின்றோம்.

நாடா அறுந்து டேங்க் புல்லில் கிடந்தது. டீசல் நாற்றம். தீ எதுவும் பிடிக்கவில்லை. தீயணைப்பான் மோதி என் முழங்கால் வீங்கியிருந்தது. பின்னால் குதிரை அலறியது. குதிரை அலறி நான் கேட்டதில்லை. இனி கேட்கவும் வேண்டாம்.

மகள் கதவைத் தள்ளித் திறந்து ஓடினாள். ஃப்ளோட் சாய்ந்திருந்தது. பக்கக் கதவு வழியே நுழைந்து, முழங்கால் மடித்துக் கிடந்த அந்தப் பெரிய விலங்கின் தலையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கேட்காத குரலில் அதோடு பேசிக்கொண்டே இருந்தாள். அது எழுந்து நின்றது. முன்காலில் ஆழமான கீறல். அவள் சட்டையெல்லாம் ரத்தம். அது யாருடைய ரத்தம் என்று தெரியும்வரை நான் அந்தப் பள்ளத்தில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு ஒன்றுமில்லை அம்மா. குதிரையுடையது." பிறகு புல்லில் உட்கார்ந்தாள். "திருப்பினேன் அம்மா. முன்சக்கரம் பிடிக்கவே இல்லை. நான் திருப்பினேன்."

அதை அவள் வீட்டுக்கு வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தான் ஓட்டியது தவறோ என்று அவளுக்குச் சந்தேகம். அவளைச் சந்தேகப்பட வைத்தார்களே, அதை நான் மன்னிக்க மாட்டேன். இன்சூரன்ஸுக்காக வண்டியைப் பார்க்க வந்தவர் ஒரே வரியில் எழுதிவிட்டார்: பின் அச்சில் தாங்கும் அளவுக்கு மேல் பாரம். அதை நான் என் கணவரிடம் படித்துக் காட்டினேன்.

"சரி, விடு. யாரும் வேணும்னு பண்ணலையே" என்றார்.

"வேணும்னு பண்ணலை. யோசிச்சும் பண்ணலை."

"அவன் ஆசையா கொண்டு வந்தான்."

"ஆசையா கொண்டு வந்தா எடை குறைஞ்சிடுமா?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

வண்டி பட்டறையிலிருந்து திரும்பிய செய்தி எப்படியோ தம்பிக்குப் போனது. எப்படி என்ன, இவர்தான் சொல்லியிருப்பார். சனிக்கிழமை காலை அவன் வந்தான். பின்னால் ஒரு சின்ன டிரெய்லரில் அந்த டேங்க். மறுபடியும் நீல வண்ணம், மறுபடியும் குங்குமம். நாடாவுக்குப் பதில் இரும்புச் சங்கிலி. கையில் பழத்தட்டு வேறு.

"இந்தத் தடவை பாரு அக்கா, சங்கிலி. யானையைக் கட்டினாலும் அசையாது."

"எடுத்துட்டுப் போடா."

"என்னது?"

"அதை இறக்காதே. அப்படியே எடுத்துட்டுப் போ."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். தட்டைச் சுற்றுச்சுவரின் மேல் வைத்துவிட்டு டிரெய்லரின் கொக்கியைக் கழற்றக் குனிந்தான். நான் போய் அதன் மேல் காலை வைத்தேன்.

"அக்கா, சீர் குடுத்ததைத் திருப்புனா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். உங்க ஏர்போர்ட்ல ஒரு பெட்டியை எடை பாக்காம வால்பக்கம் ஏத்துவியா நீ?"

"அது வேலைக்கா. இது சீர்."

"வேலைன்னா கணக்கு. நம்ம வீட்டுப் பொண்ணுன்னா கணக்கு வேண்டாமா? முன்பின் தெரியாதவன் உக்காந்திருக்கிற பிளேனுக்கு ஒவ்வொரு கிலோவா பாக்குறே. என் பொண்ணு உக்கார்ற வண்டிக்கு ஒரு பெருக்கல் போட்டுப் பாக்கலையேடா!"

அவன் முகம் மாறியது. "ஓகோ, நான்தான் கொல்லப் பாத்தேன்கிறியா? உனக்கு எதுலதான்க்கா பயமில்லை? தீப்பிடிக்கும்னு குதிச்சியே, பிடிச்சுதா? இப்ப எடையாம். நாளைக்கு என்ன, டேங்க்ல பேய் இருக்கும்பியா?"

என் கணவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். "வாசல்ல நின்னு என்ன இது? உள்ள வா, காபி சாப்பிட்டுப் பேசுவோம். பாதி நிரப்பி ஓட்டட்டும், எல்லாருக்கும் நிம்மதி."

"அதை அன்னைக்கு அவ சொன்னாளே! நீங்கதானே கண்ணைக் காட்டி அடக்குனீங்க?" என்றேன். இருபத்தேழு வருடக் கல்யாணத்தில் தெருவில் நின்று அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். குதிரை லாயத்துக்குப் போக ஆயத்தமாக, முழங்கால் வரை பூட்ஸ். தம்பி அவளிடம் திரும்பினான். குரலை மென்மையாக்கிக்கொண்டான். "நீ சொல்லும்மா. உன் வண்டி, உன் தொழில். மாமா குடுத்தது வேணுமா, வேண்டாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அதே பார்வைதான். அன்று நிறைந்த டேங்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்த அதே பார்வை. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே, தருவதை இரண்டு கையாலும் வாங்கு, மனம் நோகப் பேசாதே. இந்த ஊரில் பிறந்து, ஆங்கிலத்தில் பதில் சொல்லி, நாங்கள் சொன்ன நூறு விஷயங்களை உதறித் தள்ளிய பெண், இதை மட்டும் உதறவில்லை.

"அவகிட்ட கேக்காதே" என்றேன். "அவ வேண்டாம்னு சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுதானே கேக்குறே. என்கிட்ட கேளு. வேண்டாம்."

"நீ யாரு சொல்றதுக்கு? சீர் அவளுக்கு."

"நான் அவ பக்கத்துல உக்காந்திருந்தவ."

அவன் பழத்தட்டை எடுத்தான். எடுத்த வேகத்தில் வெற்றிலை சிதறியது. பொறுக்கவில்லை. "இனிமே இந்த வீட்டுல நல்லது கெட்டது எதுக்கும் என்னைக் கூப்பிடாதே. அவ கல்யாணத்துக்கும்தான். தாய்மாமன் செத்துட்டான்னு சொல்லிக்கோ."

"உயிரோட இருக்கிறவளுக்குத்தான்டா கல்யாணம்" என்றேன்.

தெருமுனை வரை சங்கிலி டேங்கில் மோதிக் கடகடவென்று சத்தம் போட, வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. அசையட்டும்.

மகள் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தாள். "நீ ரொம்ப மோசமாகப் பேசினாய் அம்மா. அவர் அழுதுகொண்டே வண்டி ஓட்டினார், பார்த்தாயா?"

"பாத்தேன்."

"பிறகு?"

"பிறகு ஒண்ணுமில்லை. அடியில போடுற டேங்க்னு சொன்னியே, அது எப்ப போடுறே?"

"ஆள் கிடைக்கச் சில மாதம் ஆகும். அதுவரை நிறுத்தி நிறுத்தித்தான் போக வேண்டும். தனியாகக் கஷ்டம். நான் பம்ப்பைப் பிடிக்கும்போது யாராவது குதிரைப் பக்கம் நிற்க வேண்டும்."

எனக்குக் குதிரை என்றால் பயம். அதன் பல், அதன் குளம்பு, அது மூச்சு விடும் சத்தம், எல்லாமே பயம். மருந்தகத்தில் என் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டேன். அடுத்த நீண்ட பயணத்துக்கு நான் போனேன்.

டீராவில் நிறுத்தினோம். நீளமான வண்டியைப் பம்ப்புக்குப் பக்கத்தில் அவள் கொண்டுவந்து வைக்கும்போதே உள்ளே உதை ஆரம்பித்துவிட்டது. நான் ஃப்ளோட்டின் பக்கக் கதவைத் திறந்து, எட்டி நின்று, அவள் சொல்லியிருந்தபடி குதிரையின் கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ ஓடியது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. "நில்லுடி, நில்லு, ஆச்சு, ஆச்சு" என்றேன். தமிழ் அதற்குப் புரிந்ததோ என்னவோ, காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

பின்னால் ஒரு காரில் இருந்தவன் ஹாரன் அடித்தான். குதிரை துள்ளி, முழு ஃப்ளோட்டும் அதிர்ந்தது. அவன் திரும்ப அடித்தான்.

நான் கதவைச் சாத்திவிட்டு அவன் ஜன்னலுக்குப் போனேன். என் ஆங்கிலத்தில், தெரிந்த அத்தனை வார்த்தைகளையும் போட்டு, உள்ளே ஓர் உயிர் நிற்கிறது, என் பெண் டீசல் போட்டு முடிக்கும்வரை நீ காத்திருப்பாய், இன்னொரு தடவை அந்த ஹாரனைத் தொட்டுப் பார் என்றேன். அவன் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கை விட்டு உயர்த்தினான். அங்கே அவனைத்தான் திட்டினேனா, தெரியாது.

மகள் பணம் கொடுத்துவிட்டு வந்தாள். "அம்மா, ஏறு. எல்லோரும் பார்க்கிறார்கள்."

ஏறினேன். பெரிய சாலைக்கு வந்ததும் அவள் ஸ்டீயரிங்கை ஒருமுறை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துப் பார்த்தாள். வண்டி உடனே சொன்னபடி கேட்டது. உள்ளே உதை நின்றிருந்தது.

தம்பி இன்றுவரை பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று என் கணவர் தினமும் சொல்கிறார்.

"டவுபோவில் இன்னொரு தடவை நிறுத்தினால் நல்லது. உனக்குப் பரவாயில்லையா?" என்றாள் மகள், சாலையைப் பார்த்தபடியே.

நிறுத்து என்றேன்.